போலந்து விமானப்படை பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பினார். ஆண்டு, பெயர் எல்லாம் சரி. இரண்டாவது பத்தியில் பகீரென்றது. இருபது வருஷத்துக்கு முன் நான் எழுதி மாட்டிக்கொண்ட அதே வரி! போலந்துக் குதிரைப்படை ஜெர்மன் டாங்கியோடு மோதிய கதையையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது பொய்யென்று இப்போது பலருக்கும் தெரியும்.

"முதல் நாளே தரையிலேயே அழிந்தது"

இதுதான் அந்த வரி. 1939 செப்டம்பர் 1 காலையில் ஜெர்மானியர்கள் விமானத் தளங்களில் குண்டு போட்டது உண்மை. விமானங்கள் எரிந்ததும் உண்மை. ஆனால் எரிந்தவை பெரும்பாலும் பயிற்சி விமானங்களும் ஓரங்கட்டிய பழசுகளும்தான். சண்டைப் பிரிவுகளை ஆகஸ்ட் கடைசியிலேயே வயல்வெளி ஓடுபாதைகளுக்கு நகர்த்திவிட்டார்கள். கிராக்கோவில் ராகோவிட்ஸே தளத்தில் குண்டு விழுந்தபோது அங்கிருந்த போர் விமானங்கள் பாலிட்ஸேவுக்குப் போயிருந்தன. அங்கிருந்து கிளம்பிய போலந்து விமானி மெட்வெட்ஸ்கி சுட்டு வீழ்த்தப்பட்டார். கூடவே கிளம்பிய க்னிஷ் தப்பினார். அன்று காலையே ஜுராடா கிராமத்தில் விழுந்த இரண்டு டோர்னியர்கள், அதாவது ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள், அவர் கணக்கில் ஏறின. தலைநகர் வார்சாவுக்கு மேலே 50 சொச்சம் விமானங்களோடு ஒரு தனிப் பிரிகேட் நாள்கணக்கில் போராடியது.

அப்படியானால் ஏன் தோற்றார்கள்? போலந்தின் போர் விமானமான பி.11ஐப் பாருங்கள். விமானியின் தலைக்கு மேல் மூடி இல்லை, சக்கரம் உள்ளே மடங்காது, வேகம் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொடாது. துரத்த வேண்டிய குண்டுவீச்சு விமானமே அதைவிட வேகம். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மூடியும் கூடுதல் வேகமும் கொண்ட பி.24 அதே தொழிற்சாலையில்தான் தயாரானது. ஆனால் துருக்கி, கிரீஸ், ருமேனியா, பல்கேரியா என்று வெளிநாட்டுக்குத்தான் போனது.

நான் இந்த வரியை ஒரு கூட்டத்தில் வாசித்தபோது, ஓய்வுபெற்ற விமான மெக்கானிக் ஒருவர் எழுந்து, "தம்பி, எல்லாம் முதல் நாளே முடிஞ்சுதுன்னா, மறுவருஷம் லண்டன் மேல பறந்த போலந்துக்காரங்க எங்கேர்ந்து வந்தாங்க?" என்றார். பதில் இல்லை. தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். செப்டம்பர் 17இல் சோவியத் படை கிழக்கிலிருந்து நுழைந்ததும் அவர்கள் ருமேனிய எல்லையைத் தாண்டி, பிரான்ஸ் போய், அதுவும் விழுந்தபின் பிரிட்டன் சேர்ந்தார்கள். அந்த ஒற்றை வரி இந்தப் பயணத்தையே விழுங்கிவிடுகிறது. எரிச்சல் அதனால்தான்.

126 என்ற எண்

1940இல் பிரிட்டன் வானில் நடந்த 'பிரிட்டன் போரில்', போலந்து விமானிகளின் 303வது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) வீழ்த்தியதாகக் கோரிய எதிரி விமானங்களின் எண்ணிக்கை அது. "கோரியது" என்ற சொல்லை விடாதீர்கள். அவசரச் சண்டையில் ஒரே விமானத்தை இரண்டு பேர் எண்ணுவது எல்லா நாட்டிலும் நடந்ததுதான்.

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது

போலந்தின் Łoś குண்டுவீச்சு விமானம் "லாஸ்" இல்லை, "வோஷ்". அந்தச் சொல்லுக்குப் பொருள் ஒரு கடமான் வகை.

சதுரங்கக் கட்டம்

போலந்து விமானங்களின் சின்னத்தில் உள்ள வெள்ளை, சிவப்புக் கட்டங்கள் 1993இல் இடம் மாறின. 1940 விமானத்துக்கு இன்றைய சின்னத்தை ஒட்டாதீர்கள்.

ஃபிரான்டிஷெக்

303இல் 17 விமானங்களை வீழ்த்தியவர். போலந்துக்காரர் என்று எழுதாதீர்கள், செக் நாட்டுக்காரர்.