இத்தாலியில் இரண்டாவது வீட்டு வரி நிலுவையா? தவணை கேட்பது எப்படி

பலெர்மோவில் வீடு வாங்கிவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கோ வேலைக்காக ரெஜ்ஜியோ எமிலியாவுக்கோ போனவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். வீட்டை விற்க மனம் வராது, பூட்டிச் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவோம். வதிவிடப் பதிவை மாற்றியதிலிருந்து அந்த வீடு கொமூனேயின் (நகராட்சியின்) கணக்கில் 'செக்கொந்தா காசா', அதாவது இரண்டாவது வீடு. குடியிருக்கும் வீட்டுக்கு இல்லாத இமு என்ற சொத்து வரி இதற்கு உண்டு. மூன்று நாலு வருடம் கழித்து ஒரு தடித்த உறை வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அந்த உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பயத்தில் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். என்னிடம் கொண்டுவந்தபோது 51 நாள் போய்விட்டது. அப்படி யாரும் நாளை விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தவணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது சட்டத்திலேயே இருக்கிறது.

முதலில் உறையின் தேதியைப் பாருங்கள்

உள்ளே இருப்பதன் பெயர் 'அவ்வீசோ தி அச்செர்த்தமெந்தோ', கட்டாத வரியைக் கேட்கும் அறிவித்தல். அது உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாள் கணக்கு. அதற்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் வழக்குப் போட வேண்டும். தபால்காரர் துண்டு போட்டுவிட்டுப் போய், நீங்கள் போய் எடுக்காமல் விட்டாலும், 10 நாள் கழிந்ததும் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், ஆகவே எடுக்காமல் இருப்பதால் எந்த லாபமும் இல்லை. 2020இலிருந்து இந்தக் கடிதமே அமலாக்கப் பத்திரமும்தான், கட்டாய வசூலுக்கு இதுவே போதும், முன்புபோல இன்னொரு பத்திரம் வரும் என்று காத்திருக்க முடியாது. நாள் தப்பினால் வசூல் செலவு வேறு ஏறும்: கடிதம் அமலுக்கு வந்து 60 நாளுக்குள் கட்டினால் 3 சதவீதம், அதற்குப் பிறகு 6 சதவீதம்.

உண்மையிலேயே கட்ட வேண்டியதுதானா?

இதைப் பார்க்காமல் தவணை கேட்காதீர்கள். கணவன் ஒரு ஊரிலும் மனைவி இன்னோர் ஊரிலும் பதிந்து, இருவரும் அந்தந்த வீட்டில் நிஜமாகவே வசித்தால் இரண்டு வீட்டுக்கும் விலக்கு உண்டு. 2022 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தன் 209ஆம் தீர்ப்பில் சொன்னது இது. நிஜமாகவே வசிப்பதைக் காட்ட மின்சாரம், தண்ணீர் பில்கள் வேண்டும். காலாவதியும் பாருங்கள். கட்ட வேண்டிய வருடத்துக்குப் பிறகு ஐந்தாவது வருடம் டிசம்பர் 31க்குள் கடிதம் அனுப்ப வேண்டும், 2021 வரிக்கு 2026 முடிவுதான் கடைசி. பிழை இருந்தால் கொமூனேயிடம் திருத்தக் கேட்டு எழுதலாம், ஆனால் அந்தக் கடிதம் 60 நாளை நிறுத்தாது என்பதை மறக்க வேண்டாம்.

தொகையையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். வீட்டுப் பத்திரத்தில் 'ரெந்தித்தா கத்தஸ்தாலே' (வீட்டுக்கு அரசுப் பதிவேட்டில் போட்டிருக்கும் வருட வருமான மதிப்பு) 400 யூரோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் கூட்டினால் 420, அதை 160ஆல் பெருக்கினால் 67,200. விகிதம் 1.06 சதவீதம் என்றால் வருடத்துக்கு 712.32 யூரோ. 2021, 2022, 2023 மூன்று வருடம் கட்டவில்லையென்றால் 2,136.96, அதன்மேல் 30 சதவீத அபராதம் 641.09, எல்லாம் சேர்ந்து 2,778.05. இதோடு கொஞ்சம் வட்டியும் அனுப்புச் செலவும் வரும். (2024 செப்டம்பர் 1க்குப் பிந்திய தவறுகளுக்கு அபராதம் 25 சதவீதம்தான்.) உங்கள் கணக்கும் கடிதமும் அதிகம் விலகினால் காஃப் (வரி விஷயங்களுக்கு உதவும் நிலையம்) அலுவலகத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை தவணை கேட்கலாம்?

2019ஆம் ஆண்டின் 160ஆம் இலக்கச் சட்டம், முதல் பிரிவு, 796ஆம் உட்பிரிவு. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் சொன்னால் பேச்சு சுருங்கும். கொமூனே தனக்கென்று விதி வைக்காவிட்டால் இப்படி: 100 யூரோ வரை தவணை கிடையாது, 500 வரை நாலு மாதம், 3,000 வரை 5 முதல் 12 மாதம், 6,000 வரை 13 முதல் 24, 20,000 வரை 25 முதல் 36, அதற்கு மேல் 37 முதல் 72 மாதம். கொமூனே சொந்த விதி வைத்திருந்தாலும் 6,000க்கு மேற்பட்ட கடனுக்கு உச்ச எண்ணிக்கையை 36 மாதத்துக்குக் கீழே கொண்டுவர முடியாது.

கூடிய எண்ணிக்கையையே கேளுங்கள். மேலே போட்ட கணக்கில் 12 மாதம் என்றால் மாதம் 231.50 யூரோவும் வட்டியும். ரோசத்தில் ஆறு மாதம் கேட்டால் 463 ஆகிவிடும், நாலாவது மாதம் மூச்சுத் திணறும். சீக்கிரம் முடிக்க வசதி வந்தால் பிறகு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

விண்ணப்பம்

பெரும்பாலும் கொமூனேயின் இணையத்தளத்தில் 'ரத்தெயித்சாத்சியோனே' (தவணை முறை) என்று தேடினால் படிவம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், கோதிச்சே ஃபிஸ்காலே (உங்கள் வரி எண்), கடிதத்தின் எண், மொத்தத் தொகை, கேட்கும் தவணை எண்ணிக்கை. சட்டம் கேட்பது 'தற்காலிகமான, கண்கூடான சிரமம்', இத்தாலியனில் 'தெம்பொரானெயா எ ஒபியெத்தீவா திஃபிகொல்தா'. அந்தச் சொற்களையே எழுதிவிட்டு, ஏன் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். வேலை நேரம் குறைந்தது, வைத்தியச் செலவு, வீட்டு வாடகை, எது உண்மையோ அது. கூடவே சம்பளச் சீட்டு, ஐசே (குடும்பத்தின் வருமான, சொத்து நிலை) அத்தாட்சி, அடையாள அட்டைப் பிரதி. அந்த அக்காவின் கடிதத்தை அவருடைய சமையலறை மேசையில் 20 நிமிடத்தில் எழுதி முடித்தோம், சம்பளச் சீட்டுகளைத் தேடத்தான் இரண்டு மணி நேரம் போனது.

அனுப்புவது பெக் என்ற சான்றளிக்கப்பட்ட மின்னஞ்சலில், அல்லது 'ரிச்செவுத்தா தி ரித்தோர்னோ' (கிடைத்ததற்கான ரசீது) போட்ட பதிவுத் தபாலில். நேரில் கொடுத்தால் பதிவெண் அடித்த பிரதி வாங்காமல் வெளியே வராதீர்கள். விண்ணப்பம் உள்ளே போய்விட்டால், அதை மறுத்தால் அல்லது பிறகு நீங்கள் தவறினால் மட்டுமே வீட்டின்மேல் இப்போத்தேக்காவோ (கடனுக்கான அடமானப் பதிவு) வாகனத்தின்மேல் தடையோ போட முடியும். 799ஆம் உட்பிரிவு தரும் பாதுகாப்பு இது.

கட்டும்போது

ஒவ்வொரு மாதமும் கடைசி நாள். எஃப்-24 என்ற வரிப் படிவத்திலோ பாகோபா என்ற அரசுக் கட்டண முறையிலோ, அவர்கள் அனுப்பும் தாளில் உள்ள எண்ணையே போடுங்கள். நினைவூட்டல் வந்த பிறகும் ஆறு மாதத்துக்குள் இரண்டு தவணை தவறினால், அவை அடுத்தடுத்த மாதமாக இல்லாவிட்டாலும், ஏற்பாடு முறிந்து மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள், அந்தக் கடனுக்கு மறுபடி தவணையும் இல்லை. நிலைமை மோசமானால் தவறுவதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள், அத்தாட்சியோடு கேட்டால் ஒருமுறை நீட்டித் தருவார்கள், மொத்தம் 72 மாதம் வரை போகலாம்.

இன்னொன்று. பழைய கடனுக்குத் தவணை கட்டும்போது இந்த வருட இமுவை மறந்துவிடுகிறார்கள். அது தனி, ஜூன் 16 ஒரு பாதி, டிசம்பர் 16 மறு பாதி, எஃப்-24இல் போடும் வரி எண் 3918. அக்கா இப்போது தவணைப் பணம் போக மாதம் 60 யூரோவைத் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைக்கிறார், டின்னின் மேல் பேனாவால் 'ஜூன்' என்று எழுதியிருக்கிறார்.