பரண் சாமான்களை இறக்கும்போது நேரும் தவறுகள்

சேலத்தில் பல வீடுகளில் பரண் காலியாவது மார்கழிக் கடைசியில்தான். பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்குள் சுண்ணாம்பு அடித்து முடிக்க வேண்டும், அதற்கு முன் சாமான்களை இறக்கியாக வேண்டும் என்ற அவசரத்தில், ஆண்டு முழுவதும் யாரும் தொடாத பொருள்களின் கதி அரை நாளில் முடிவாகிவிடுகிறது. பழையதை விட மனம் வராததையே எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். விடுவதென்று முடிவு செய்த பிறகு, அது எங்கே போய்ச் சேரும் என்று பாராமல் தள்ளிவிடுவதால் வரும் நட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு குழித்தறி இருந்தது. தாத்தாவால் முடியாமல் போன பிறகு அதில் பாவு (நெசவின் நீளவாட்டு நூல்) ஏறவே இல்லை; 11 ஆண்டுகள் அது அரிசி மூட்டை வைக்கவும் துணி காயப்போடவும்தான் பயன்பட்டது. கடைசியில் ஒரு பொங்கலுக்கு முன், வெள்ளையடிக்க ஆள் வந்து வாசலில் நின்றபோது, மொத்தத் தறியையும் விறகு விலைக்குக் கொடுத்தோம். மரச்சட்டங்கள் போனதில் வருத்தமில்லை. அவற்றோடு துணியில் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியும், அதன் துளையிட்ட அட்டைகளும், பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் அச்சு நல்ல நிலையில் இருந்தது, அதுவும் போய்விட்டன என்பதை, இரண்டு தெரு தள்ளி வெண்பட்டு நெய்கிற உறவினர் ஒருவர் கேட்டுத் தலையில் கைவைத்த பிறகுதான் உணர்ந்தோம். ஒரு பொருள் முழுமையாக ஓய்ந்துவிட்டாலும் அதன் உறுப்புகளுக்கு இன்னும் வேலை இருக்கலாம். தையல் இயந்திரம், கிரைண்டர், நீர்மோட்டார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எங்களிடம் மிஞ்சியது, குறுக்கு நூலைச் சுமந்து தறியில் ஓடும் நாடா ஒன்றே ஒன்றுதான், அதுவும் தங்கை அதில் பென்சில் போட்டு வைத்திருந்த புண்ணியத்தால்.

நினைவு ஒட்டிய பொருளில் கைவைத்து வேலையைத் தொடங்குவது இன்னொரு தவறு. முதல் மணி நேரத்திலேயே பாட்டியின் பட்டுப்புடவையைப் பிரித்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. மூடியில்லாத டப்பா, ஓடாத மிக்ஸி என்று மனம் தடுக்காதவற்றிலிருந்து ஆரம்பித்து, புடவைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவது நல்லது.

உலோகங்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், இரும்பு எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி எடைக்குப் போட்டால், விலை பெரும்பாலும் அவற்றுள் மலிவானதை ஒட்டியே பேசப்படும். பழைய கொலுசை விற்க செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிறவர்கள், எடையைக் கேட்பதற்கு முன் டச், அதாவது நூற்றுக்கு எவ்வளவு தனி வெள்ளி, என்று கேட்க வேண்டும். 100 கிராம் கொலுசு 70 டச் என்றால் அதிலிருக்கும் தனி வெள்ளி 70 கிராம் மட்டுமே. கொலுசில் பற்றவைப்பு அதிகம், பற்றவைக்கும் பொடியில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும் என்பதால், மேற்பரப்பில் பார்த்த டச்சும் உருக்கிய பின் பார்க்கும் டச்சும் ஒன்றாக இருக்காது. ஆகவே கண்ணெதிரில் உருக்கிப் பார்த்து விலை பேசுவதே இரு தரப்புக்கும் நியாயம். சரிகைப் புடவையிலும் இதே கவனம் தேவை: அசல் சரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியிருக்கும், செம்பு இழைச் சரிகைக்கு அந்த விலை கிடைக்காது.

நமக்கு உதவாதது ஏழைக்கு உதவும் என்ற நினைப்பை நான் ஒப்புவதில்லை. ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கு மூட்டையாகப் போகும் துணிகளில் கிழிசலும், ஜிப் அறுந்த பேன்ட்டும், மலைக்குளிருக்கு ஒத்துவராத மெல்லிய நைலானும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் குப்பையைக் கொண்டுபோய் இறக்குவதற்குப் பெயர் தானம் அல்ல. துவைத்து, பொத்தான் தைத்து, இன்னாருக்கு இது வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்த ஒரு ஸ்வெட்டர் அந்த மூட்டை முழுவதையும்விட மேல்.

எரித்துத் தீர்ப்பதும் கூடாது. நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று நாற்புறமும் மலை சூழ்ந்த ஊரில், மார்கழி விடியலில் எரித்த டயர் புகையும் பிளாஸ்டிக் புகையும் எளிதில் கலைந்து போகாது. சி.எஃப்.எல். விளக்கிலும் குழல்விளக்கிலும் பாதரசம் இருப்பதால், அவற்றை உடைக்காமல் தாளில் சுற்றித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய கைபேசியை விற்குமுன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடவே கூடாது.

கடைசியாகக் காகிதம். ஆதார் நகல்களையும் வங்கிக் கடிதங்களையும் கிழித்த பிறகே எடைக்குப் போட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் மூலப்பத்திரம் தொலைந்தால் காவல் நிலையப் புகார், நாளிதழ் விளம்பரம் என்று மாதக்கணக்கில் அலைய நேரும் என்பது, வீட்டை விற்கப் போகும்போதுதான் தெரிய வருகிறது. டிரங்குப் பெட்டியைக் கொடுக்குமுன் அதன் அடியில் விரித்த செய்தித்தாளையும் தூக்கிப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டுத் தாய்ப்பத்திரம் அங்கேதான் இருந்தது.