பூனைக்கு ரத்தசோகை என்று டாக்டர் சொன்னால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

எங்கள் பூனை சாம்பி, கழிவுத் தட்டில் போடும் லிட்டர் மண்ணை நக்க ஆரம்பித்தபோது ஏதோ புதுப் பழக்கம் என்றுதான் நினைத்தேன். அடுத்த சில நாட்களில் ஜன்னல் திட்டுக்குத் தாவுவதை நிறுத்தினாள். ஆறு வயதுதானே ஆகிறது, அதற்குள் சோம்பலா என்று வீட்டில் பேசிக்கொண்டோம். ஒரு நாள் காலை அவள் கொட்டாவி விட்டபோது ஈறும் நாக்கும் வெள்ளைத்தாள்போல வெளுத்திருந்தன. கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "பி.சி.வி. 14தான் இருக்கு, கடுமையான ரத்தசோகை" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

அன்று கையில் இருந்திருக்க வேண்டும் என்று நான் ஏங்கிய விளக்கம் இது. முதன்முறையாக இந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரத்தசோகை என்பது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேட வைப்பதுதான் உங்கள் முதல் வேலை. சத்து மருந்து வாங்குவது அல்ல.

படி 1: இது இன்றே ஓட வேண்டிய நிலையா?

பூனை அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்குவது சேர்ந்து ஒரு மூச்சு. நலமான பூனைக்கு இது பெரும்பாலும் 30க்குள் இருக்கும். ஓய்வில் இருக்கும்போதே 40ஐத் தாண்டினால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எழுந்து நிற்க முடியாமல் சரிந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அடுத்து ஈறு. மேலுதட்டை மெல்லத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் ரோஜா நிறம் இயல்பு. வெளுப்பு ரத்தக் குறைவைக் காட்டும். மஞ்சள் தட்டினால் சிவப்பணுக்கள் உடலுக்குள்ளேயே உடைந்துகொண்டிருக்கலாம், கல்லீரலில் கோளாறும் இருக்கலாம். பழுப்பாகத் தெரிந்தால் நஞ்சு உள்ளே போயிருக்க வாய்ப்பு உண்டு. மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் உடனே கிளம்புங்கள். கறுப்புப் பூனைகளுக்கும் செம்பழுப்புப் பூனைகளுக்கும் ஈறில் இயற்கையாகவே கரும்புள்ளிகள் இருக்கலாம். அந்தப் பூனைகளுக்குக் கண்ணின் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

கூடைக்குள் வைக்கும்போது துரத்திப் பிடிக்காதீர்கள். ரத்தம் மிகக் குறைந்த பூனைக்கு அந்தப் போராட்டமே உயிருக்கு ஆபத்து. கூடையின் மேல்மூடியைக் கழற்றி, பழகிய துணி விரித்து, மெல்ல உள்ளே இறக்குங்கள்.

படி 2: அறிக்கையில் இரண்டு எண்களைத் தேடுங்கள்

முதல் எண் பி.சி.வி., அல்லது ஹீமாட்டோகிரிட். ரத்தத்தில் எத்தனை சதவீதம் சிவப்பணுக்கள் என்று இது சொல்கிறது. பூனைகளுக்கு ஏறக்குறைய 25 முதல் 45 வரை இயல்பு. இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையே என்றால் லேசான குறைவு. பதினைந்தை ஒட்டி வந்துவிட்டால் ரத்தம் ஏற்றுவது பற்றிப் பேச்சு வரும். ஆனால் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த பூனை 14லும் தானே நடந்துபோய்ச் சாப்பிடும். ஒரே நாளில் ரத்தம் இழந்த பூனை 20லேயே துவண்டுவிடும்.

சலைன் ஏற்றிய மறுநாள் இந்த எண் இறங்கியிருந்தால் பதறாதீர்கள். உடலில் நீர் வற்றியிருக்கும்போது ரத்தம் கெட்டியாகி எண் கூடுதலாகத் தெரியும். நீர் சேர்ந்தபின் உண்மை நிலை வெளியே வரும். சாம்பிக்கு 14, 12 ஆனது இப்படித்தான். அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை.

இரண்டாவது எண் ரெட்டிகுலோசைட். எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாகப் புறப்பட்டு வந்த இளம் சிவப்பணுக்கள் இவை. லேப்புக்கு லேப் எல்லை மாறினாலும், ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 50,000க்கு மேல் இருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது என்று பொருள். அது நல்ல செய்தி. குறைவாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: மஜ்ஜை ஓய்ந்திருக்கலாம், அல்லது ரத்தம் போய் இன்னும் மூன்று நான்கு நாள் ஆகாமல் இருக்கலாம். மஜ்ஜை விழித்துக்கொள்ள அவ்வளவு நாள் பிடிக்கும். அதனால் முதல் நாள் எண்ணைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள்.

படி 3: "ஏன்?" என்ற கேள்வியை விடாதீர்கள்

ரத்தம் குறைவதற்கு மூன்றே வழிகள்தாம். வெளியே போகிறது, உள்ளே உடைகிறது, அல்லது புதிதாக உற்பத்தியாகவில்லை. பூனையின் சிவப்பணு சுமார் 70 நாள்தான் வாழும், மனிதருடையது 120 நாள். அதனால் பூனையின் மஜ்ஜை கொஞ்சம் தடுமாறினாலும் சீக்கிரமே தெரிந்துவிடும். உங்கள் பூனை இந்த மூன்றில் எந்த வழியில் நிற்கிறது என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

வெளியே போவது என்றால் காயம், குடல் புண், எலி மருந்து. எலி மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றாலும் ரத்தம் உறையாமல் போகலாம், அதனால் உங்கள் பூனை எலி பிடிக்கும் என்றால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குட்டிகளுக்குத் தெள்ளுப்பூச்சி ஒன்றே போதும், உயிரையே குடித்துவிடும். சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் தேயுங்கள். செந்நிறம் பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது உங்கள் பூனையின் ரத்தம். ஆனால் நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைமேல் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு.

உள்ளே உடைவது சாம்பிக்கு நடந்தது. மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ் என்ற நுண்ணுயிர் சிவப்பணுக்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்த அணுக்களைப் பூனையின் உடலே அழித்துவிடுகிறது. வேறு சில பூனைகளில் எந்தக் கிருமியும் இல்லாமலேயே நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த ரத்தத்தின்மேல் பாயும். வெங்காயம், பூண்டு, பாராசிட்டமால் ஆகியவையும் சிவப்பணுக்களைச் சிதைப்பவைதாம்.

மூன்றாவது வழிதான் நீண்டது. சிறுநீரகத்தில் சுரக்கும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன்தான் மஜ்ஜைக்கு "ரத்தம் செய்" என்று ஆணையிடுகிறது. வயதான பூனைகளுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும்போது அந்த ஆணை குறைந்துவிடுகிறது. பூனை லுகீமியா வைரஸ், மஜ்ஜையில் வரும் நோய்கள், உடலில் நீண்டநாள் இருக்கும் அழற்சி ஆகியவையும் இந்த வழியில்தான் வரும்.

ஒரு சிறு விஷயம், ஆனால் முக்கியமானது. மைக்கோபிளாஸ்மாவின் மரபணுவை ரத்தத்தில் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துவிடுவது நல்லது. ரத்தம் ஏற்றுவதாக இருந்தாலும் மாதிரிகளை அதற்கு முன்பே எடுக்க வேண்டும். நான்கு கிலோ பூனையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 240 மி.லி., ஏறக்குறைய ஒரு டம்ளர். அதனால் எல்லாச் சோதனைகளுக்கும் சேர்த்து ஒரே முறை, குறைந்த அளவில் எடுக்க முடியுமா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

படி 4: கைமருந்து வேண்டாம்

இந்தச் செய்தியைச் சொன்னதும் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கேட்காதீர்கள்.

மனிதர்களின் இரும்புச்சத்து மாத்திரை இரும்புக் குறைபாட்டுக்கு மட்டும்தான் உதவும். பூனைகளின் ரத்தசோகையில் பெரும்பாலானவை அந்த வகை அல்ல. அளவு மிஞ்சினால் இரும்பும் நஞ்சே. தினமும் ஈரல் கொடுத்தால் வைட்டமின் ஏ உடலில் சேர்ந்து எலும்பைப் பாதிக்கும். சூப்பு வைத்துத் தருவதாக இருந்தால் அதில் வெங்காயமும் பூண்டும் பொடி வடிவில்கூட இருக்கக் கூடாது. உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் போதிய திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஒரே மாத்திரையில் உயிர் போகலாம்.

படி 5: ரத்தம் ஏற்ற வேண்டும் என்றால்

பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று ரத்த வகைகள் உண்டு. எல்லோருக்கும் பொருந்தும் வகை என்று எதுவும் இல்லை. பி வகைப் பூனையின் உடலில் ஏ வகைக்கு எதிரான பொருள் இயற்கையாகவே வலுவாக இருக்கும். மாற்று ரத்தம் சிறிதளவு ஏறினாலும் உயிர் போகலாம். அதனால் அவசரத்திலும், "வகை பார்த்தாச்சா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலான பூனைகள் ஏ வகைதான். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், டெவன் ரெக்ஸ் போன்ற இனங்களில் பி அடிக்கடி வரும்.

ஏற்றிய ரத்தம் நோயைக் குணப்படுத்தாது. காரணத்துக்கான மருந்து வேலை செய்யும்வரை சில நாள், சில வாரம் அவகாசம் வாங்கித் தரும். சாம்பி 12லும் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால் ரத்த வகை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

படி 6: மருந்து கொடுப்பது

மைக்கோபிளாஸ்மாவுக்குப் பொதுவாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தருவார்கள். சில வாரங்கள் தொடர வேண்டும். இந்த மாத்திரையை உலர்ந்தபடி கொடுத்தால் உணவுக்குழாயில் ஒட்டி, புண்ணாக்கி, குழாயையே சுருக்கிவிடும். மாத்திரை விழுங்கிய உடனே சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள், இல்லையென்றால் உடனே கொஞ்சம் ஈரத் தீனி கொடுங்கள். பாலோடு தராதீர்கள், மருந்து சரியாக உடலில் சேராது.

நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த ரத்தத்தைத் தாக்குவதை அடக்கும் பிரெட்னிசலோன் கொடுத்திருந்தால், பூனை தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதிகம் தண்ணீர் குடிப்பதும் அதிகம் சிறுநீர் கழிப்பதும் அந்த மருந்தால் வருபவை.

சிறுநீரக நோயால் வந்த ரத்தசோகை என்றால் எரித்ரோபொயட்டினைப் போல மஜ்ஜையைத் தூண்டும் டார்பெபோயட்டின் ஊசியைப் பெரும்பாலும் வாரம் ஒருமுறை போட்டு, இரும்புச்சத்து ஊசியும் சேர்ப்பார்கள். இடையிடையே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இந்த வகைக்கென்றே மோலிடுஸ்டாட் என்ற வாய்வழி மருந்துக்கு 2023இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது. சிறுநீரகத்துக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்து உட்கார்ந்துவிடாமல் டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்.

படி 7: சாப்பிட வைப்பது

பூனை இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து தொடங்கிவிடும், பருமனான பூனைக்கு இன்னும் அதிகம். ஈரத் தீனியை உள்ளங்கைச் சூட்டுக்குச் சூடாக்கி, மணம் எழும்ப வைத்து, ஒரு கரண்டி ஒரு கரண்டியாகப் பல வேளை வையுங்கள். மருந்தை அதற்குப் பிடித்த தீனியில் ஒளித்து வைக்காதீர்கள், பிறகு அந்தத் தீனியையே வெறுத்துவிடும். மூச்சு வாங்கும் பூனைக்கு வலுக்கட்டாயமாக ஊட்டவே கூடாது. பசியைத் தூண்ட மிர்டாசபின் உண்டு. காதுமடலில் தடவும் களிம்பாகவும் வருவதால் இன்னொரு மாத்திரைப் போராட்டம் இருக்காது. டாக்டரிடம் கேளுங்கள்.

தண்ணீர், தீனி, லிட்டர் மூன்றையும் அது படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே வையுங்கள். தாவ வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது.

படி 8: ஒரு நோட்டுப் புத்தகம்

தேதி, தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கை, எடை, எவ்வளவு சாப்பிட்டது, ஈறின் நிறம், கொடுத்த மருந்து. தினமும் இரண்டு வரி. ஈறை ஒரே ஜன்னலருகே, ஒரே நேரத்தில் படம் எடுத்து வையுங்கள். நேற்றைய நிறத்தை நம் கண் நினைவில் வைத்துக்கொள்ளாது. பயத்துக்கும் இது உதவுகிறது. நடுராத்திரியில் "மோசமாகிவிட்டாளோ" என்று மனம் அடித்துக்கொள்ளும்போது, மூச்சு நேற்று 26, இன்று 24 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் படுத்துக்கொள்ள முடிகிறது.

முன்பே கவனித்திருக்கலாமே என்ற உறுத்தல் எனக்கு நெடுநாள் இருந்தது. பூனை தன் பலவீனத்தை மறைக்கும் பிராணி. தூக்கம் கொஞ்சம் கூடுவதைத் தவிர வேறெதையும் காட்டாமல் மாதக்கணக்கில் சமாளித்துவிடும். நீங்கள் அழைத்துப்போனதால்தான் இது தெரியவந்தது.

காரணம் தீராத ஒன்றாக இருந்தால்

மஜ்ஜைப் புற்றுநோய், முற்றிய சிறுநீரக நோய் என்று விடை வரலாம். அப்போது டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சிகிச்சையால் எவ்வளவு காலம் கிடைக்கும்? அந்தக் காலத்தில் அதற்கு மூச்சுத் திணறல் இருக்குமா? எந்த நிலை வந்தால் நிறுத்தலாம் என்று நீங்கள் சொல்வீர்கள்? செலவையும் அதே பேச்சில் வெளிப்படையாகக் கேளுங்கள். எல்லாச் சோதனையும் செய்ய முடியாதவர்களுக்கு, எதை முதலில் செய்தால் பயன் என்று அவரால் வரிசைப்படுத்த முடியும். கடைசி வரை ஊசியும் பயணமுமாக வைத்திருப்பதைவிட, பிடித்த மூலையில் படுக்கவிட்டு வலியில்லாமல் பார்த்துக்கொள்வதைத் தேர்ந்தெடுப்பவர்களும் தங்கள் பூனையை நேசிப்பவர்கள்தாம்.

சாம்பிக்கு ஒரு வாரத்தில் 19, நான்காவது வாரத்தில் 29. எண் இயல்புக்கு வந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை மாத்திரையைக் கொடுத்து முடித்தோம். மைக்கோபிளாஸ்மா தேறிய பூனையின் ரத்தத்திலும் ஒளிந்திருந்து பிறகு தலைகாட்டலாம் என்பதால், வீட்டின் மற்றப் பூனைக்கும் சோதனை செய்தோம், இருவருக்கும் தெள்ளு மருந்தை மாதம் தவறாமல் தொடர்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே ஜன்னலருகே ஈறைப் பார்த்துப் படம் எடுக்கிறேன். போன வாரம் அந்தத் திட்டுக்கு அவள் தானாகவே தாவி ஏறியிருந்தாள்.