ஸ்டார் ட்ரெக் பாக்கணும், ஆனா எங்க ஆரம்பிக்கிறது?

ஸ்டார் ட்ரெக்னா 1966ல ஆரம்பிச்ச அமெரிக்க விண்வெளி சீரியல், அதே உலகத்துல அப்புறம் வேற வேற பேர்ல பல சீரிஸ் வந்துச்சு. சீரியல் எல்லாத்தையும் கூட்டினா 900 எபிசோடு தாண்டும், தியேட்டருக்கு வந்த படம் தனியா 13. இதைப் பாத்தே பாதிப் பேர் ஓடிடுறாங்க, மீதிப் பேர் 1966ல இருந்து வரிசையா ஆரம்பிச்சு பத்தாவது எபிசோடுல தூங்கிடுறாங்க. ரெண்டும் வேணாம். இது சண்டைப் படம் இல்ல, பெரும்பாலும் ஒரு மேசையைச் சுத்தி உக்காந்து "இப்ப நாம செய்யப் போறது சரியா"ன்னு விவாதம் பண்ற சீரியல். அது உங்களுக்குப் புடிக்குமான்னு முதல்ல டெஸ்ட் பண்ணுவோம்.

ஸ்டெப் 1: டெஸ்ட் எபிசோடு

"தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்"ங்கற சீரிஸ், சீசன் 2, "தி மெஷர் ஆஃப் எ மேன்". டேட்டான்னு ஒரு ஆண்ட்ராய்டு, அதாவது மனுஷ உருவத்துல இருக்கற ரோபோ, விண்கப்பல்ல ஆபீசர். அவனைக் கழட்டி ஆராயணும்னு ஒருத்தர் வர்றாரு, அவன் முடியாதுன்னு ராஜினாமா பண்றான், ராஜினாமா பண்ண உனக்கு உரிமை இருக்கா இல்ல நீ ஸ்டார்ஃப்ளீட்டோட (இந்தக் கதைல வர்ற விண்கப்பல் படை) சொத்தான்னு கேஸ் நடக்குது. இதுல கொடுமை என்னன்னா டேட்டாவுக்கு எதிரா வாதாட வேண்டியது அவனோட நண்பன் ரைக்கர்தான், ஒழுங்கா வாதாடலன்னா கேஸே இல்லாம டேட்டா தோத்துடுவான். முழுக்க பேச்சுதான். போரடிச்சா இந்த யுனிவர்ஸ் உங்களுக்கு செட் ஆகாது, தாராளமா எந்திரிச்சுப் போயிடலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்.

ஸ்டெப் 2: அதே சீரிஸ்ல சீசன் 3ல இருந்து நேரா போங்க

ஆமா, சீசன் 1, 2 ரெண்டையும் தாண்டிடுங்க. 1987ல ஆரம்பிச்சப்போ எழுத்து ரொம்ப தடுமாறுச்சு, அடுத்த வருஷம் ஹாலிவுட்ல எழுத்தாளர் ஸ்ட்ரைக் வேற, கடைசில பழைய க்ளிப்பை ஒட்டி ஒரு எபிசோடு போட்டு சீசன் 2வை முடிச்சாங்க. சீசன் 3ல மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு கேரக்டரும் மனுஷனாச்சு. அந்த சீசன் முடியுற எபிசோடு 1990ல வந்தப்போ கேப்டன் பிக்கார்டை அந்த நிலைமைல விட்டுட்டு "தொடரும்" போட்டுட்டாங்க, அமெரிக்காக்காரன் செப்டம்பர் வரைக்கும் நகத்தைக் கடிச்சுட்டு இருந்தான். நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல. சீசன் 5ல "தி இன்னர் லைட்"னு ஒண்ணு வரும், அதைப் பத்தி எதுவும் படிக்காம பாருங்க, போனை தூரமா வச்சுடுங்க.

ஸ்டெப் 3: இப்ப பழசுக்கு வாங்க

1966ல ஆரம்பிச்ச முதல் சீரிஸ், அதாவது கிர்க், ஸ்பாக் வர்றது, 79 எபிசோடு, எல்லாம் தேவையில்ல. "பேலன்ஸ் ஆஃப் டெரர்" பாருங்க, அச்சு அசல் நீர்மூழ்கிக் கப்பல் சண்டை, ஆனா விண்வெளில. அப்புறம் 1967ல வந்த "ஸ்பேஸ் சீட்", அது முடிஞ்ச கையோட 1982 படம் "தி ராத் ஆஃப் கான்". அதே வில்லன், அதே நடிகர் ரிக்கார்டோ மொண்டல்பான், 15 வருஷம் கழிச்சு பழிவாங்க வர்றார். செட்ல பாறை எல்லாம் தெர்மாகோல் மாதிரிதான் இருக்கும், கண்டுக்காதீங்க.

1979ல வந்த முதல் படத்தைப் பொறுமை இருந்தா மட்டும் பாருங்க. கப்பலைச் சுத்திச் சுத்திக் காட்டுறதுலயே நிமிஷக்கணக்குல ஓடும். மொட்டைத் தலையோட வர்ற ஐலியாவா நடிச்சது நம்ம பெர்சிஸ் கம்பட்டா, 1965 மிஸ் இந்தியா.

ஸ்டெப் 4: டீப் ஸ்பேஸ் நைன்

என்னைக் கேட்டா இருக்கறதுலயே பெஸ்ட் இதுதான், ஆனா முதல்ல பாக்கக் கூடாது. மத்த சீரிஸ்ல பிரச்சனை பண்ணிட்டு கப்பல் அடுத்த கிரகத்துக்குக் கெளம்பிடும். இந்த சீரிஸ் நடக்கறது ஒரு விண்வெளி ஸ்டேஷன்ல, அது எங்கயும் போகாது, அதனால செஞ்ச தப்பு எல்லாம் அங்கயே கெடந்து திரும்பி வந்து அடிக்கும். சீசன் 6ல "இன் த பேல் மூன்லைட்" வர்றப்போ ஸ்டேஷன் தலைவர் சிஸ்கோ செய்யற காரியம் உறைக்கணும்னா, அவர் எவ்ளோ நேர்மையான ஆளுன்னு அதுக்கு முன்னாடி நீங்க பாத்திருக்கணும். குறுக்கு வழி கெடையாது.

ஸ்டெப் 5: மிச்சம்

2009ல இருந்து வந்த படங்கள் ஜாலி, லீவு நாள்ல ஓட விடலாம். புது சீரிஸ் வேணும்னா 2022ல ஆரம்பிச்ச "ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்". அதுல வர்ற கேப்டன் பைக், 1964ல எடுத்து சேனல் வேணாம்னு தள்ளுன முதல் பைலட் எபிசோடோட (சேனலுக்குக் காட்ட எடுக்கற மாதிரி எபிசோடு) கேப்டன்! வாயேஜர், எண்டர்பிரைஸ்னு இன்னும் ரெண்டு சீரிஸ் இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம். எண்டர்பிரைஸ் டைட்டில் பாட்டைக் கேட்டீங்கன்னா ஸ்கிப் இன்ட்ரோ பட்டனை எதுக்கு கண்டுபிடிச்சாங்கன்னு புரியும்.