ஹோரஸின் கண்: கட்டத்தாளில் வரைவது முதல் நீலத் தாயத்தாகச் சுட்டெடுப்பது வரை

ஹோரஸின் கண்ணை வரையச் சொன்னால், மை தீட்டிய ஒரு கண்ணைப் போட்டு, கீழே ஒரு கண்ணீர்த் துளியையும் ஒரு சுருளையும் ஒட்டவைத்துவிடுகிறோம். அது கண்ணீர் இல்லை. வல்லூற்றின் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் இறங்கும் கரும்பட்டை அது. ஹோரஸ் வல்லூறுத் தலை கொண்ட எகிப்தியக் கடவுள். அவருடைய கண்ணில் மனிதனின் விழியும் பறவையின் கன்னமும் சேர்ந்திருக்கின்றன. இது மனதில் பதிந்துவிட்டால் வரைவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் தாளில் வரைவோம். பிறகு, எகிப்தியர் கையாண்ட முறைக்கு நெருக்கமாக, தன் மேல் தானே மெருகு ஏற்றிக்கொள்ளும் நீலக் கலவையில் தாயத்தாகச் செய்வோம். சுடுவதற்கு மட்டும் மின்சூளை வேண்டும். மற்ற வேலை எல்லாம் வீட்டு மேசையிலேயே முடியும்.

எதைச் செய்யப்போகிறோம்?

எகிப்தியர் இதற்கு வைத்த பெயர் வெட்ஜாத். பழுதில்லாதது, முழுமையானது என்று பொருள். தந்தை ஓசிரிஸின் அரியணைக்காகச் சித்தப்பா செத்துடன் ஹோரஸ் மோதியபோது கண் பறிபோனது. அதைத் தோத் என்ற அறிவுக் கடவுள் மீட்டுச் சரியாக்கினார் என்பது ஒரு வழக்கு. ஐந்தாம் ராம்செஸ் என்ற எகிப்திய மன்னனின் காலத்துப் பாப்பிரஸ் சுருள் ஒன்றில், ஹாத்தோர் தேவி மானைப் பிடித்துப் பால் கறந்து, அதைக் கண்ணில் விட்டு ஆற்றுகிறாள். எந்தக் கதையை எடுத்தாலும் மையம் ஒன்றுதான்: இது காயப்பட்டுக் குணமான கண். இடக்கண்ணை நிலவாகவும் வலக்கண்ணைச் சூரியனாகவும் கண்டார்கள். தேய்ந்து மறுபடி நிறையும் நிலவுக்கு இந்தக் கதை எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

பயன்பாடும் இந்தப் பொருளை ஒட்டியே வளர்ந்தது. பிரமிடுச் சுவர்களில் பொறித்த மந்திரங்களில், இறந்த அரசனுக்குப் படைக்கும் ரொட்டி, பீர், எண்ணெய் எல்லாவற்றையும் ‘ஹோரஸின் கண்’ என்றே சொல்லிப் படைக்கிறார்கள். குறைந்ததை நிறைப்பதுதானே படையல். எகிப்து வரலாற்றில் ‘மத்திய அரசு’ (Middle Kingdom) எனப்படும் காலத்தின் சவப்பெட்டிகளில் ஒரு பக்கப் பலகையில் மட்டும் இரண்டு கண்கள் தீட்டியிருக்கும். உடலை இடப்பக்கமாகச் சாய்த்து, முகம் அந்தக் கண்களுக்கு நேராக வரும்படி வைப்பார்கள். பெட்டிக்குள் இருப்பவர் கிழக்கே சூரியன் எழுவதைப் பார்ப்பதற்காக. உடலைப் பதனிடும்போது வயிற்றில் போட்ட வெட்டை மூடும் தகட்டிலும் இந்தக் கண்தான். 1940ல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியேர் மோந்தே எகிப்தின் தானிஸ் நகரில் திறந்த முதலாம் சுசென்னெஸ் மன்னனின் கல்லறையில் அந்தத் தகடு பொன்னால் ஆனது. வெட்டுப்பட்ட இடம் மறுபடி முழுமையாகட்டும் என்பதே வேண்டுதல்.

கூடவே சில தவறுகளையும் களைந்துவிடுவோம். மருந்துச் சீட்டின் தலைப்பில் வரும் குறி (Rx) இதிலிருந்து வந்ததில்லை. அது ‘எடுத்துக்கொள்’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம். அமெரிக்க டாலரில் பிரமிடின் மேல் இருக்கும் கண் ஐரோப்பியக் கிறிஸ்தவ ஓவிய மரபைச் சேர்ந்தது. கடைகளில் தொங்கும் நீலக் கண்ணாடித் திருஷ்டிக் கண் துருக்கி வழி வந்தது. கண்ணின் ஆறு உறுப்புகளும் 1/2, 1/4, 1/8, 1/16, 1/32, 1/64 என்ற பின்னங்களைக் குறிக்கும், கூட்டினால் 63/64 வரும் என்று பலரும் எழுதுகிறார்கள். தானிய அளவைக்கு எகிப்தியர் இந்தப் பின்னங்களைப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் அந்தக் குறிகள் கண்ணின் துண்டுகளிலிருந்து பிறந்தவை என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளம்பியது; பழைய எழுத்து வடிவங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் அதை மறுத்துவிட்டார்கள். மூளையின் குறுக்குவெட்டுத்தான் இந்தச் சின்னம் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பதனிடும்போது மூளையை உறிஞ்சி எறிந்துவிட்டு, சிந்தனையின் இருப்பிடம் என்று இதயத்தைப் போற்றியவர்கள் எகிப்தியர்.

வரைதல்

12 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு செவ்வகம் போட்டு, ஒரு சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். இடப்பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் எண்ணுவோம். மூக்கு இடப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு இடப்புறமும் சுருள் வலப்புறமும் வந்தால் அது ஹோரஸின் இடக்கண், நிலவுக் கண். வலக்கண் வேண்டுமானால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிக்கொள்ளலாம்.

முதலில் விழி. உள்முனை இடமிருந்து அரை சென்டிமீட்டர், மேலிருந்து 4. மேலிமையின் உச்சி இடமிருந்து 4, மேலிருந்து 2.3. வெளிமுனை இடமிருந்து 8, மேலிருந்து 3.8. கீழிமையின் தாழ்வான இடம் மேலிருந்து 4.7. இந்தப் புள்ளிகளை வளைகோட்டால் இணையுங்கள். உள்முனை கூராக, சற்றுக் கீழ்நோக்கி இறங்க வேண்டும். அங்கே உருட்டிவிட்டால் மீன் போல ஆகிவிடும்.

கருவிழி 2 சென்டிமீட்டர் விட்டம், மையம் இடமிருந்து 4, மேலிருந்து 3.4. அது மேலிமையை ஒட்டியே இருக்க வேண்டும். இரு இமைகளிலிருந்தும் விலகி நடுவில் மிதந்தால் கண் திகைத்துப் பார்ப்பது போலத் தோன்றும். புதிதாக வரைபவர்களிடம் அதிகம் வரும் பிழை இதுதான்.

வெளிமுனையிலிருந்து மைக்கோட்டை இடமிருந்து 11.5 வரை கிடையாக இழுத்து, நுனியைச் சதுரமாக வெட்டுங்கள். புருவம் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டை. மூக்குப் பக்கம் மேலிருந்து 1.5ல் தொடங்கி, மெல்ல எழுந்து, மறுபடி இறங்கி மைக்கோடு முடியும் இடத்துக்கு நேர் மேலே முடிய வேண்டும். கடைசி 3 சென்டிமீட்டரில் இரண்டும் தண்டவாளம் போல இணையாக ஓடட்டும். சின்னத்துக்கு எகிப்தியச் சாயல் கொடுப்பது இந்த இணைதான்.

இனி வல்லூற்றின் பங்கு. கீழிமையின் அடியில், இடமிருந்து 3க்கும் 4.5க்கும் இடையே தொடங்கி, மேலிருந்து 8 வரை செங்குத்தாக ஒரு பட்டை இறங்கட்டும். கீழே போகப் போகக் குறுக வேண்டும். அதன் பின்பக்கத்தை ஒட்டி இன்னொரு கோடு புறப்பட்டு, வலப்புறமாகச் சரிந்து, இடமிருந்து 9.5, மேலிருந்து 7.5 வரை போகும். அங்கிருந்து மேல்நோக்கித் திரும்பி மூக்கின் பக்கமாகவே உள்ளே சுருளும். ஒன்றரைச் சுற்று போதும். சுருள் கீழ்நோக்கித் திரும்பினால் தவறு. கருவிழிக்கு நேர் கீழே பட்டை, அதன் பின்னால் சுருள் என்ற வரிசையும் மாறக் கூடாது.

அச்சு

எகிப்தின் பழைய நகரான அமார்னாவில் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற தொல்லியலாளர் 1891–92ல் தோண்டியபோது, இப்படிப்பட்ட சிறு பொருள்களை வார்ப்பதற்கான சுட்ட மண் அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. நாமும் மண் அச்சையே செய்வோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு எளிதுதான். ஆனால் அது கலவையின் நீரை உறிஞ்சும்போது அதில் கரைந்திருக்கும் சோடாவையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மெருகாக வேண்டியது அந்தச் சோடாதான்.

வரைந்ததை 4.4 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி, மாடலிங் களிமண்ணில் 8 மில்லிமீட்டர் தடிமனில் செதுக்குங்கள். பட்டைக்கும் சுருளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைத் துளையாக வெட்டாமல் பள்ளமாக மட்டும் விடுங்கள். துளையிட்டால் வார்ப்பு அந்த இடத்தில் முறியும். ஓரங்கள் வெளிநோக்கிச் சாய்ந்திருக்கட்டும். நேராகவோ உட்குழிந்தோ இருந்தால் அச்சிலிருந்து வெளியே வராது. இதன் மேல் 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள குயவர் மண்ணை அழுத்தி எடுத்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, 900 டிகிரி செல்சியஸில் சுடுங்கள். மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும், 4.4 என்று தொடங்கியது அதற்காகத்தான். அச்சு மண்ணிலேயே நேரடியாகப் பள்ளம் செதுக்குபவர்கள் கவனியுங்கள்: வார்ப்பில் இடமும் வலமும் மாறிவிடும்.

கலவை

பழைய எகிப்தியக் கலவையில் நூற்றுக்கு 90க்கும் மேல் குவார்ட்ஸ் தூள். மீதி கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் என்ற இயற்கை உப்பிலோ செடிச்சாம்பலிலோ வந்த சோடா, நிறத்துக்குச் செம்பு. அதில் களிமண் இல்லாததால் பிசைவது கடினம். கை பழகாதவர்களிடம் உதிர்ந்துவிடும். எனவே இன்றைய மட்கலைஞர்கள் சீனக் களிமண் சேர்த்துச் செய்யும் கலவையில் தொடங்குங்கள். 200 கிராமுக்கு:

- ஃபெல்ஸ்பார் தூள் 80 கிராம்
- குவார்ட்ஸ் தூள் 40 கிராம்
- சீனக் களிமண் 30 கிராம்
- சலித்த நைஸ் மணல் 16 கிராம்
- சலவைச் சோடா (நீர் நீங்கிய தூள்) 12 கிராம்
- ஆப்பச் சோடா 12 கிராம்
- கால்சியம் கார்பனேட் தூள் 10 கிராம்
- இவற்றுக்கு மேல் காப்பர் கார்பனேட் 6 கிராம்

சலவைச் சோடா கண்ணாடிபோன்ற படிகமாகக் கிடைத்தால் 12 கிராம் போதாது. அதன் எடையில் நூற்றுக்கு 63 பங்கு நீர். 32 கிராம் போட வேண்டும். ஆப்பச் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடாதீர்கள். அதில் அமிலமும் மாவும் உண்டு. கால்சியம் கார்பனேட் என்பது சுண்ணாம்புக்கல் தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல.

குவார்ட்ஸ் தூசு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். தூசு தடுக்கும் முகக்கவசம் இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், மேசையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். காப்பர் கார்பனேட் நஞ்சு, சோடா தோலை அரிக்கும், கையுறை அவசியம். சமையல் பாத்திரம், கரண்டி எதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

எல்லாத் தூள்களையும் மூடிய டப்பாவில் போட்டுக் குலுக்கி, தூசு அடங்கியபின் திறந்து, 35 மில்லிலிட்டர் நீரில் தொடங்கிச் சிறுகச் சிறுகச் சேருங்கள். பிடித்தால் கையில் நிற்க வேண்டும், வளைத்தால் மெல்ல வெடிக்க வேண்டும். கொழுக்கட்டை மாவு போலக் குழைந்தால் நீர் கூடிவிட்டது. அச்சில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துக் கலவையை அழுத்தி, உடனே தட்டி எடுங்கள். புருவத்துக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தென்னை ஈர்க்கை ஊடுருவ விட்டுத் துளையிடுங்கள். ஈர்க்கைச் சுழற்றிக்கொண்டே உருவினால் பிளக்காது.

உலர்த்தலும் சுடுதலும்

எல்லாம் இங்கேதான் கூடிவரும் அல்லது கெடும். உலரும்போது நீர் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. அதோடு வரும் சோடா அங்கே வெண்ணிறப் பூப்பாகப் படிகிறது. சூளையில் அந்தப் பூப்பு உருகி, குவார்ட்ஸோடும் செம்போடும் சேர்ந்து நீலக் கண்ணாடியாகிறது. ஆகவே காற்றுப் படாத பக்கத்தில் மெருகு வராது. பலகையில் படுக்கவைத்தால் அடிப்பாகம் மொட்டையாகவே நிற்கும். துளை வழியே சூடு தாங்கும் நிக்ரோம் கம்பியைக் கோத்து, இரு முனைகளையும் தாங்கிகளில் வைத்து, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். மூன்று நாளாவது வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வாரமும் ஆகும். பூப்பு வந்தபின் விரல் வைக்காதீர்கள். விரல் பட்ட இடத்தில் பூப்பு உதிர்ந்து, சுட்டபின் அதே விரல் அளவுக்குச் சொரசொரப்பான திட்டு தெரியும்.

அதே கம்பியோடு சூளைக்குள் வையுங்கள். கம்பியில் ஒன்றோடொன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும். கீழ்த்தட்டில் அலுமினாப் பூச்சு இருக்கட்டும். சொட்டினால் தட்டு தப்பும். சோடா ஆவி சூளையின் கம்பிச்சுருள்களை நாளடைவில் அரிக்கும் என்பதால், சூளை பிறருடையது என்றால் கலவையில் என்ன இருக்கிறது என்று முன்பே சொல்லி அனுமதி கேளுங்கள். 200 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரி வீதம், பிறகு 150 வீதம் ஏற்றி, 950ல் கால் மணி நேரம் நிறுத்துங்கள். 100 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

வெண்மையாக, மாவுபோல வந்திருந்தால் சூடு போதவில்லை. அடுத்த தொகுதிக்கு 20 டிகிரி கூட்டுங்கள். சுருள் தொங்கி, அடியில் கண்ணாடித் துளி சேர்ந்திருந்தால் சூடு அதிகம். நீலம் வராமல் செம்மை படர்ந்திருந்தால் சூளைக்குள் காற்று போதவில்லை. எங்கும் ஒரேபோல மங்கலாக இருந்தால் பெரும்பாலும் சோடா குறைவு. படிகச் சோடாவைத் தூளின் கணக்கில் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்.

கோக்கும் முன் தாயத்தை ஓர் இரவு நல்ல நீரில் ஊறவைத்து உலர விடுங்கள். மறுபடி வெண்பூப்பு தெரிந்தால் சோடா முழுதும் கண்ணாடியாகவில்லை. அதைக் கழுத்தில் போட்டால் வியர்வையில் கரைந்து தோலை அரிக்கும், சுவரில் மாட்டிக்கொள்ளலாம். பூப்பு இல்லையென்றால் துளையின் ஓரத்தை நீர்க்காகிதத்தால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்து மழுக்கிவிட்டு, பருத்தி நூலில் கோத்துக்கொள்ளுங்கள். தேய்க்காத துளை கண்ணாடி விளிம்பு போலக் கூர்மையானது. சில நாளிலேயே நூலை அறுத்துவிடும்.