விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் மூலம் வாடகைக் கார் எடுப்பது எப்படி?

கார் கராஜில் கிடக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், பின்னேரம் கிண்ணியாவுக்குப் போய்வர வேண்டும். "ஃபுல் இன்சூரன்ஸ்தானே, அவங்களே கார் தருவாங்கள்" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இலங்கையில் அது தானாக வராது. முழுக் காப்புறுதியிலும் மாற்று வாகனம் பெரும்பாலும் மேலதிகப் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் தனிப் பிரிவுதான். மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் உங்கள் காப்புறுதிக் கம்பனியிடம் இதற்குக் கேட்க ஒன்றுமில்லை.

படி 1: பத்திரத்தைத் திறந்து பாருங்கள்

இன்சூரன்ஸ் அட்டையில் இது இருக்காது. கம்பனி தந்த முழுப் பொலிசியில் "லொஸ் ஒஃப் யூஸ்" (காரைப் பாவிக்க முடியாத நாட்களுக்கான ஈடு) அல்லது "ஹயர் கார்" (வாடகைக் கார்) என்ற வரியைத் தேடுங்கள். நாளுக்கு எவ்வளவு, அதிகபட்சம் எத்தனை நாள், எந்த நாளிலிருந்து கணக்கு, காசா வாகனமா என்ற நான்கும் தெரிய வேண்டும். பத்திரம் கைவசம் இல்லையென்றால் ஏஜென்டிடம் வட்ஸ்அப்பில் கேளுங்கள். எழுத்தில் வரும் பதில் பிறகு உதவும்.

படி 2: விபத்து நடந்த இடத்திலேயே

யாருக்காவது காயம் என்றால் முதலில் 1990 (அம்புலன்ஸ்), பிறகு 119 (பொலிஸ்). பொலிஸ் வரும்வரை வாகனத்தை நகர்த்த வேண்டாம். காயம் இல்லையென்றாலும் கம்பனியின் ஹொட்லைனுக்கு அந்த இடத்திலிருந்தே பேசுங்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் கிளெய்ம் சிக்கலாகும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில் நின்றால் யானைப் பயம் வேறு. சேதத்தைப் பார்க்கக் கம்பனி அனுப்பும் மதிப்பீட்டாளர் வரச் சுணங்கும். அப்போது, யாருக்கும் காயம் இல்லையென்றால், நான்கு மூலைகளையும், இரண்டு நம்பர் பிளேட்டுகளையும், ரோட்டில் விழுந்த கண்ணாடித் துண்டுகளையும் படம் பிடித்து, ஹொட்லைனில் அனுமதி கேட்டு ஓரமாக்குங்கள்.

அதே அழைப்பில் கிளெய்ம் நம்பரை வாங்கி, "எனக்கு மாற்று வாகனம் தேவை, பதிந்துகொள்ளுங்கள்" என்றும் சொல்லிவிடுங்கள். பிறகு வரும் அலுவலெல்லாம் அந்த நம்பரில்தான் ஓடும்.

படி 3: நாள் கணக்கு

காசு போவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கார் கராஜில் நின்ற நாட்களையெல்லாம் கம்பனி கணக்கில் எடுக்காது. திருத்தவேலைக்கு நியாயமாக எத்தனை நாள் தேவை என்று மதிப்பீட்டாளர் எழுதுகிறாரோ, அதைத்தான் எடுக்கும். கொழும்பிலிருந்து பார்ட்ஸ் வரக் காத்திருந்த நாட்கள் பெரும்பாலும் வெளியே போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பொலிசியில் நாளுக்கு 5,000 ரூபா, அதிகபட்சம் 10 நாள், முதல் 2 நாளுக்குக் காசு கிடையாது. மதிப்பீட்டாளர் எழுதியது 9 நாள். கார் கராஜில் நின்றதோ 16 நாள். வாடகை நாளுக்கு 8,000.

கம்பனி தருவது: 7 x 5,000 = 35,000.
நீங்கள் கட்டியது: 16 x 8,000 = 128,000.
கையிலிருந்து போனது: 93,000 ரூபா.

அதனால் கார் ஓடக்கூடிய நிலையில் இருந்தால், அதாவது பம்பரும் கதவும் மட்டும் நசுங்கியிருந்தால், திருத்தச் செலவு எஸ்டிமேட் கம்பனியில் பாஸாகி பார்ட்ஸ் கராஜுக்கு வந்து சேரும்வரை காரை உள்ளே விடாதீர்கள். வாடகைக் காரையும் உங்கள் கார் கராஜுக்குள் போகும் அன்றைக்கே எடுங்கள். ரேடியேட்டர் ஒழுகினால், லைட் எரியாவிட்டால் இந்த யோசனை செல்லாது. பார்ட்ஸ் தாமதம் கராஜின் பிழை இல்லை என்றால், அதை ஒரு கடிதமாகக் கராஜிடம் வாங்கி நாள் நீடிப்புக் கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதியில்லை, ஆனால் கேட்காமல் யாரும் தரப்போவதில்லை.

படி 4: எந்தக் கார்?

உங்கள் கார் அல்டோ என்றால் அல்டோ அளவுக்குத்தான் கம்பனி தரும். ஹைஏஸ் எடுத்தால் மிச்சம் உங்கள் பொறுப்பு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் மாதங்களில், மே முதல் செப்டம்பர் வரை, கார் கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும். முற்பணம் கட்டுவதற்கு முன் கம்பனியின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

தெரிந்தவரிடம் மலிவாகக் கிடைக்கிறதென்று எடுக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: அந்தக் காரின் இன்சூரன்ஸ் "ஹயரிங்"கா, "பிரைவேட்"டா? பிரைவேட் என்று போட்ட காரை வாடகைக்கு விட்டு, அதில் இன்னொரு விபத்து நடந்தால் கிளெய்மை மறுக்க இடமுண்டு. முழுச் செலவும் உங்கள் தலையில் விழும்.

கிலோமீற்றரையும் கேளுங்கள். நாளுக்கு 100 என்று பேசி, 2 நாளில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய்வந்தால் ஏறத்தாழ 520 ஓடியிருக்கும். 320 கிலோமீற்றர் மேலதிகம். ஒன்றுக்கு 50 ரூபா என்றால் 16,000.

எடுக்கும்போது காரைச் சுற்றி ஒரு வீடியோ, டேஷ்போர்டில் கிலோமீற்றரும் பெற்றோல் முள்ளும் தெரிய ஒரு படம். பழைய கீறல்களை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பிழை மற்றவருடையது என்றால்

அவருடைய கம்பனியிடம் வாடகையைக் கேட்கலாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் அவருடைய இன்சூரன்ஸ் விபரமும் தேவை. இது மெதுவாக நகரும். "முழுமையான இறுதித் தீர்வு" என்று எழுதிய பத்திரத்தில், வாடகைத் தொகை சேராமல் கையெழுத்து வைத்தால் பிறகு கேட்க வழியில்லை.

படி 5: பில்

கையால் கிறுக்கிய துண்டுக் காகிதம் போதாது. வாடகைக்குக் கொடுத்தவரின் பெயர், காரின் இலக்கம், எடுத்த திகதி, திருப்பிய திகதி, நாள் விலை, கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் வேண்டும். கராஜ் தரும் பில்லில் உள்ளே வந்த நாளும் வெளியே போன நாளும் இருக்கட்டும். இரண்டு பில்லின் திகதிகளும் பொருந்தாவிட்டால் கோப்பு திரும்பிவரும். கார் லீசிங்கில் இருந்தால் காசு யாருடைய பெயருக்கு வரும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் அதன் தலைமை அலுவலகத்துக்கும், சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம்.