ஹாலில் இளைத்துப்போன இச்சி போன்சாயை அடர்த்தியாக்குவது எப்படி

அடியில் கிழங்காகப் பருத்த வேர், மேலே பளபளவென்று சின்னச் சின்ன இலைகள். ‘ஃபைகஸ் போன்சாய்’ என்று நர்சரியில் விற்பார்களே, அதை வாங்கி டிவி பக்கத்தில் வைத்தவர்கள் சில மாதம் கழித்து என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இலையெல்லாம் கொட்டிப்போச்சு, இருக்கிற ரெண்டு கிளையும் நீட்டிக்கிட்டு நிக்குது, என்ன உரம் போடலாம்?”

உரம் அப்புறம். முதலில் மரத்தை ஹாலிலிருந்து தூக்குங்கள்.

அது நம் இச்சி மரம். வெளியில் விட்டால் வெயிலில் ஓங்கி வளர்ந்து ஊருக்கே நிழல் தரும் சாதி. ஹால் நமக்கு வெளிச்சமாகத் தெரிவது கண் பழகிக்கொள்வதால்தான். செல்போனில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஹால் நடுவே 200, 300 காட்டினாலே அதிகம். அந்த வெளிச்சத்தில் மரம் சாகாமல் இருக்கும், அவ்வளவுதான். தழைக்காது.

சந்தேகமிருந்தால் கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். வாங்கும்போது இருந்த பகுதியில் கணுக்கள் நெருக்கமாக இருக்கும். உங்கள் வீட்டில் வளர்ந்த நுனிப்பகுதியில் ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் வெற்றுக்குச்சி. இந்த இடைவெளி பிறகு சுருங்கவே சுருங்காது. வெளிச்சம் கொடுத்தாலும் சரி, உரம் போட்டாலும் சரி, என்றைக்காவது அதை வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழும் கிழக்குப் பால்கனி கிடைத்தால் யோகம். எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்துவிடாதீர்கள்; நிழலில் விட்ட இலைகள் கருகும். ஒரு வாரம் ஜன்னலோரம், ஒரு வாரம் வெளிநிழல், அப்புறம் இளவெயில். இடம் மாறிய கோபத்தில் இருக்கிற இலையிலும் கொஞ்சத்தை மஞ்சளாக்கி உதிர்க்கும். பதறிப்போய் தண்ணீரைக் கொட்டாதீர்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா? மரம் நன்றாகத்தான் இருக்கிறது.

பால்கனியே இல்லாத வீடு என்றால் ஜன்னலை ஒட்டி வையுங்கள். திரைச்சீலையும் கொசுவலையும்கூட வெளிச்சத்தைத் தின்னும். அதுவும் போதாவிட்டால் செடிகளுக்கென்று விற்கும் எல்.ஈ.டி. விளக்கை ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டு தினம் 12 மணி நேரம் எரியவிடலாம். ஏ.சி. காற்று நேரே அடிக்கும் இடம் மட்டும் கூடாது.

நுனியில் கூராக ஒரு கொழுந்து நீண்டு, அதன் உறை உதிர்ந்து, புது இலை விரிய ஆரம்பித்தால் மரம் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். இப்போது கத்தரிக்கோலை எடுக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். ஒவ்வொரு தளிரும் ஆறு முதல் எட்டு இலை விடட்டும். அடுத்த துளிருக்கான சாப்பாடு அந்த இலைகளில்தான் தயாராகிறது.

அதன் பிறகு கவாத்து. நுனிக் கொழுந்தில் உண்டாகும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழே உள்ள மொட்டுகளைத் தூங்கவைத்திருக்கும். நுனி போனால் அவை விழித்துக்கொள்ளும். கிளையில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, கணுவுக்குச் சற்று மேலே சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வெள்ளைப் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சிலருக்குப் பால் பட்டால் தோல் அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள். வெயில் காலமென்றால் இரண்டு மூன்று வாரத்தில், விட்டுவைத்த இலைகளின் காம்படியில் கடுகளவு பச்சை முளை தெரியும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு நுனி. அவையும் ஆறேழு இலை விட்டதும் மறுபடி வெட்டு. அடர்த்தி வருவது இப்படித்தான், வேறு மாயமில்லை. பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை நம் ஊர் வெப்பத்தில் இது நன்றாக நடக்கும், மார்கழியில் விட்டுவிடுங்கள்.

ஆனால் எல்லாக் கிளைக்கும் ஒரே நீதி செய்யக்கூடாது. உச்சிக்கிளைகள் முரட்டுத்தனமாக வளர்ந்து கீழே இருப்பவற்றுக்கு நிழல் கட்டும். அவற்றைத் தாராளமாக வெட்டுங்கள். கீழ்க்கிளைகளும் உள்பக்கத் துளிர்களும் பலவீனமானவை, கொஞ்ச காலம் தொடவே வேண்டாம். செங்குத்தாக நிற்கும் கிளை ஏதாவது இருந்தால் அலுமினியக் கம்பி சுற்றியோ, நூலால் தொட்டியோடு கட்டியோ பக்கவாட்டில் சாயுங்கள். சாய்ந்த கிளையில் நுனியின் அதிகாரம் குறையும், முதுகில் துளிர் கிளம்பும். கம்பி பட்டையில் அழுந்தத் தொடங்குமுன் அவிழ்த்துவிடுங்கள்.

இந்த மரங்களில் பல ஒட்டுக் கட்டியவை. பருத்த வேரின் மேல் சின்ன இலை ரகத்தை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே பெரிய இலையோடு துளிர் வந்தால் பாவம் பார்க்காமல் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

மேல்மண்ணில் விரலை நுழைத்து, ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். நர்சரித் தொட்டியில் வெறும் தேங்காய்நார்த் தூள் இருந்து எந்நேரமும் சொதசொதவென்று கிடந்தால் மண்ணை மாற்றவேண்டும். செங்கல் பொடிசல்லி, கரடுமுரடான மணல், கொஞ்சம் மண்புழு உரம் போதும். மண் மாற்றும் மாதத்தில் கவாத்து வேண்டாம். புதுத்தளிர் ஓடத் தொடங்கிய பிறகு தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கரைத்து இரண்டு வாரத்துக்கொரு முறை ஊற்றலாம். கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் அருமையான உரம்தான், ஆனால் வீட்டுக்குள் வைத்தால் வீட்டிலிருப்பவர்கள் மரத்தோடு உங்களையும் வெளியேற்றுவார்கள்.

மொத்த இலையையும் கிள்ளி எறியும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். தழைத்து நிற்கும் மரத்தின் இலையைச் சிறிதாக்கச் செய்வது அது. இளைத்த மரத்துக்குச் செய்தால் உள்ளதும் போகும்.

வெளியே வைத்தபின் இளம் இலைகள் நடுநரம்போடு மடிந்து, செம்புள்ளியோடு இருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாகப் பொடிப்பொடி இலைப்பேன் ஓடும். மருந்து அந்த மடிப்புக்குள் சரியாகப் போகாது. மடிந்த இலைகளைப் பறித்து ஒரு கவரில் போட்டுக் கட்டி குப்பையில் சேருங்கள், அடுத்து வரும் தளிர்களுக்கு வாரம் ஒருமுறை மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.